முதல் தோல் கைப்பை: பார்த்து வாங்கவும் பார்த்துக்கொள்ளவும்

போன ஐப்பசி மழையில் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி ஒரு கைப்பையைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தாள். ஓசூரில் வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தில் வாங்கிய பை. "அக்கா, ரெண்டு வருஷம்கூட ஆகலை, தோல் உரியுதுக்கா. ஏதாவது ஒட்டிக் குடுங்களேன்" என்றாள். உரிந்த இடத்தை நகத்தால் லேசாகத் தூக்கிப் பார்த்தேன். மேலே இருந்த பழுப்பு நிறம் வெங்காயச் சருகு மாதிரி கையோடு வந்தது. அடியில் வலைபோலப் பின்னிய வெள்ளைத் துணி. "இது தோல் இல்லம்மா" என்றதும் அவள் முகம் வாடிவிட்டது. துணிமேல் போட்ட, பியூ என்று சொல்கிற பாலியூரித்தேன் பிளாஸ்டிக் பூச்சு அது; பொதுவாக ரெக்சின் என்று சொல்வதில் ஒரு வகை. காற்றில் உள்ள ஈரமே அதை மெல்ல மெல்ல அரித்துவிடும். தினமும் தோளில் மாட்டினாலும் சரி, பீரோவில் பத்திரமாக வைத்தாலும் சரி, சில வருஷங்களில் உதிரும். ஒட்டிக் கொடுக்க அதில் எதுவும் மிஞ்சியிருக்காது.

நான் வாணியம்பாடிப் பக்கம் பை தைக்கும் யூனிட் ஒன்றில் ஏழு வருஷம் மெஷினில் உட்கார்ந்தவள். கல்யாணத்துக்கு அப்புறம் கிருஷ்ணகிரியில் வீட்டிலேயே பை ரிப்பேர் செய்கிறேன். ரெக்சின் பை வாங்குவதை நான் தப்புச் சொல்ல மாட்டேன். ரெக்சின் விலைக்கு ரெக்சின் வாங்கலாம். தோலின் விலையைக் கொடுத்துவிட்டு ரெக்சினோடு வீட்டுக்கு வருவதுதான் வயிற்றெரிச்சல். அந்தப் பெண்ணுக்குச் சொன்னதையே இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கிளம்பும் முன்

தினமும் எடுத்துப் போகிற சாமான்களை எல்லாம் ஒரு துணிப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், குடை, பர்ஸ், சார்ஜர். ஒரு லிட்டர் பாட்டில் மட்டுமே ஒரு கிலோ. எல்லாம் சேர்ந்தால் இரண்டரை, மூன்று கிலோ வந்துவிடும். அந்த மூட்டையோடுதான் கடைக்குப் போக வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன். கூடவே ஒரு வெள்ளைக் கைக்குட்டையும் சின்னக் காந்தம் ஒன்றும் இருக்கட்டும்.

விலையைப் பற்றி ஒரு கணக்கு. தோலைச் சதுர அடிக் கணக்கில்தான் விற்பார்கள். கொஞ்சம் பெரிய கைப்பைக்கு, கழிவோடு சேர்த்து, ஆறேழு சதுர அடியாவது போகும். ஒரு முழு ஆட்டுத்தோலே ஏறக்குறைய ஐந்து சதுர அடிதான் இருக்கும். அப்புறம் லைனிங், ஜிப், பக்கிள், தையல் கூலி. இத்தனையும் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குப் 'பியூர் லெதர்' பை என்று சந்தையில் கூவினால், அங்கே நிற்க வேண்டாம்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கிருஷ்ணகிரியிலிருந்து பர்கூர், நாட்றம்பள்ளி வழியாக வாணியம்பாடிக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரச் சொச்சம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஆம்பூர். தர்மபுரிக்காரர்கள் திருப்பத்தூர் வழியாகப் போகலாம். நாட்டிலேயே பேர் பெற்ற தோல் ஊர்கள் இப்படிப் பக்கத்தில் இருப்பதால், வாங்காவிட்டாலும் ஒருமுறை போய் நல்ல தோலைக் கையால் தொட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள். தொட்டுப் பழகிய விரல் அப்புறம் சுலபமாக ஏமாறாது.

வெட்டு விளிம்பைத் தேடுங்கள்

பையின் முகத்தைப் பார்த்து யாராலும் முடிவு சொல்ல முடியாது. என்னாலும் முடியாது. இப்போது வருகிற பியூவில் ரோமக்கால் துளை, சுருக்கம் எல்லாவற்றையும் அச்சு அசலாகப் பதித்துவிடுகிறார்கள். வெட்டிய ஓரம் மட்டும்தான் உள்ளதைக் காட்டும்.

தோலை வெட்டினால் ஓரத்தில் இழை தெரியும். துணி இழைபோல நேராக ஓடாது. தேங்காய் நாரைக் கசக்கி அழுத்தி வைத்ததுபோல ஒன்றுக்குள் ஒன்று சிக்கி, மேலே நெருக்கமாகவும் கீழே கொஞ்சம் தளர்வாகவும் இருக்கும். ரெக்சினை வெட்டினால் மேலே ஒரு பிளாஸ்டிக் தகடு, கீழே துணி அல்லது பஞ்சு என்று இரண்டு அடுக்கு கோடு கிழித்த மாதிரி தெரியும். நகத்தால் சுரண்டினால் அடுக்கு பிரியப் பார்க்கும்.

ஆனால் பெரும்பாலான பைகளில் ஓரத்தை உள்ளே மடித்துத் தைத்திருப்பார்கள், அல்லது பெயின்ட் பூசி மூடியிருப்பார்கள். அப்போது எங்கே பார்ப்பது? பைக்குள் கையை விடுங்கள். சாவி மாட்ட ஒரு குட்டி வார் தொங்கும். ஜிப் முடிகிற இடத்தில் ஒரு சின்னத் துண்டு தைத்திருக்கும். வளையத்தைப் பிடித்திருக்கும் பட்டை இருக்கும். உள் பாக்கெட்டின் வாய் ஓரம் இருக்கும். இந்த இடங்களில் பெரும்பாலும் மடிக்காமல், பூசாமல் விட்டிருப்பார்கள். செல்போன் டார்ச்சை அடித்து இவற்றின் ஓரத்தைப் பாருங்கள்.

பையோடு கட்டித் தொங்கவிட்டிருக்கும் தோல் துண்டை மட்டும் நம்பாதீர்கள். அது நிஜத் தோலாகவே இருக்கும், பை வேறாக இருக்கும். இதை நான் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். இன்னொன்று, முன்பக்கம் மட்டும் தோல், அடியும் பக்கவாட்டும் ரெக்சின் என்று கலந்து தைப்பதும் உண்டு. அதனால் முன்பக்கம், பின்பக்கம், அடிப்பாகம், கைப்பிடி என்று நான்கையும் தனித்தனியாகப் பாருங்கள். "முழுக்கத் தோலா, இல்ல முன்னாடி மட்டுமா?" என்று கடைக்காரரிடம் நேராகக் கேட்டு, பில்லிலும் அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் பலருடைய பேச்சு மாறிவிடும்.

லேபிளில் வரும் வார்த்தைகளையும் தெரிந்துகொள்ளுங்கள். ஃபுல் கிரெய்ன் என்றால் தோலின் மேல்பரப்பைத் தேய்க்காமல் அப்படியே விட்டது. கீறல், கொசுக்கடித் தழும்பு, கழுத்து மடிப்பு எல்லாம் தெரியும். அது குறையல்ல, உறுதியும் இதில்தான் அதிகம். டாப் கிரெய்ன் என்று விற்பதில் மேல்பரப்பை லேசாகத் தேய்த்துச் சீராக்கி நிறம் பூசியிருப்பார்கள். அலுவலகப் பைக்கு இது தாராளமாகப் போதும். கனமான தோலைக் கிடையாகப் பிளந்து, மேலடுக்கை எடுத்தபின் மிஞ்சுவது ஸ்ப்ளிட். அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சை ஒட்டி விற்றாலும் 'ஜெனுயின் லெதர்' என்றுதான் போடுவார்கள். அந்தப் பூச்சும் ஒருநாள் உரியும். பாண்டட் லெதர் என்பது தோல் துகளைப் பசையோடு சேர்த்துத் தகடாக்கியது. பெயரில் லெதர் இருக்கிறதே என்று அதை வாங்க வேண்டாம்.

கைகொடுக்காத சோதனைகள்

சந்தையில் லைட்டரைப் பற்றவைத்துப் பைமேல் ஓட்டிக் காட்டுவார்கள். ஒரு நொடித் தீயை ரெக்சினும் தாங்கும். அதிக நேரம் பிடித்தால் நல்ல தோலும் கருகும். தண்ணீர்ச் சொட்டு விடுவதும் அப்படித்தான். பூச்சில்லாத தோல் தண்ணீரை உறிஞ்சி அந்த இடம் கருக்கும், ஆனால் பூச்சுப் போட்ட நல்ல தோலிலும் சொட்டு உருண்டு ஓடிவிடும். வாசனைக்குச் செண்ட் வந்துவிட்டது. கட்டைவிரலால் அழுத்தினால் தோலில் மெல்லிய சுருக்கங்கள் விரிந்து, விட்டதும் மறையும் என்பார்கள். உண்மைதான், ஆனால் நல்ல பியூவும் இப்போது அதைச் செய்கிறது. இதெல்லாம் வெட்டு விளிம்புக்குத் துணைச் சாட்சி, அவ்வளவுதான்.

ஆவாரம் பட்டையும் குரோமும்

தோல்தான் என்று தெரிந்ததும் அடுத்த கேள்வி, எப்படிப் பதனிட்டது என்பது. பராமரிப்பே இதை வைத்துத்தான் மாறும்.

பொங்கலுக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூ பறிக்கிறோமே, அந்தச் செடியின் பட்டைதான் தமிழ்நாட்டுத் தோல் தொழிலின் பழைய முதல். நம் பக்கத்துக் கரட்டு நிலங்களில் யாரும் நடாமலே மஞ்சளாகப் பூத்து நிற்கும். அதன் பட்டையில் உள்ள துவர்ப்பு தோலின் நாரைப் பிடித்து, அழுகாமல் செய்துவிடும். கூடக் கடுக்காய் போடுவார்கள். தொட்டியில் வாரக்கணக்கில் ஊறும். இப்படிப் பதனிட்டு இங்கிருந்து கப்பலேறிய தோலுக்குத்தான் வெள்ளைக்காரன் காலத்தில் ஈஸ்ட் இந்தியா லெதர் என்று பெயர். இ.ஐ. லெதர் என்று அது புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஆவாரம் பட்டை போதாமல் போனபின் வாட்டில் மரப்பட்டையும் அதன் சாறும் வந்தன, முறை மாறவில்லை.

குரோம் உப்பில் பதனிடுவது வேறு. ஒரே நாளில் வேலை முடியும். உலகில் வருகிற தோலில் பெரும்பகுதி இதுதான். மென்மையாக, எந்த நிறமும் ஏற்கிறதாக இருக்கும். சூட்டையும் அதிகம் தாங்கும். குரோம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கத் தோல் பதனிடும் ஷெட்டில் ஒரு துண்டை வெட்டிக் கொதிக்கும் தண்ணீரில் போடுவார்கள். ஏறியிருந்தால் துண்டு சுருங்காது. மரப்பட்டையில் பதனிட்ட பட்டைத் தோலைப் போட்டால் சுருண்டு விறைத்துவிடும்.

வீட்டில் பிரித்துப் பார்க்கச் சுலப வழி, மறுபடியும் அதே சாவி வார்தான். ஓரத்தின் நடுவில் லேசாக நீலம் கலந்த சாம்பல் நிறம் தெரிந்தால் குரோம். நடுவிலும் பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் பட்டைத் தோல். சில குரோம் தோலில் சாயத்தை நடுவரை ஏற்றியிருப்பார்கள், அப்போது இது பிடிபடாது. பட்டைத் தோல் முதலில் கொஞ்சம் விறைப்பாக இருக்கும், வெளிச்சமும் கையும் படப் படக் கருத்து அழகாகும். தண்ணீர்க் கறை சீக்கிரம் படியும். தினமும் பஸ்ஸிலும் மழையிலும் போகிறவர்களுக்கு முதல் பையாகப் பூச்சுப் போட்ட குரோம் தோலைத்தான் நான் சொல்வேன்.

இப்போது அந்த மூட்டையை எடுங்கள்

கொண்டுபோன சாமான்களைப் பைக்குள் போட்டு, தோளில் மாட்டி, கடைக்குள்ளேயே நான்கு தரம் நடங்கள். பிறகு கைப்பிடியின் வேரைப் பாருங்கள், அதாவது பிடி பையோடு சேருகிற இடத்தை. என்னிடம் ரிப்பேருக்கு வரும் பைகள் பெரும்பாலும் இங்கேதான் விட்டிருக்கும். ஒற்றைத் தையல் மட்டும் போட்டிருந்தால் வேண்டாம். பெட்டிபோலச் சுற்றித் தைத்து நடுவில் குறுக்குத் தையல் போட்டிருந்தால் நல்லது. ரிவெட் அடித்திருந்தால் பைக்குள் கைவிட்டு அதன் பின்பக்கத்தைத் தடவுங்கள். லைனிங்குக்கு அடியில் கெட்டியாக ஒரு துண்டு தட்டுப்பட வேண்டும். அது இல்லாமல் வெறும் தோலில் அடித்த ரிவெட் கொஞ்ச நாளில் துளையைப் பெரிதாக்கிக்கொண்டு பிடுங்கி வரும்.

தையலைப் பற்றி எங்கள் சூப்பர்வைசர் அம்மா திரும்பத் திரும்பச் சொன்ன ஒன்று: நெருக்கிப் போட்டால் பலம் என்று நினைக்காதே. அங்குலத்துக்கு ஏழெட்டுத் தையல் பைக்குச் சரி. அதைவிட மிக நெருக்கினால் தபால்தலைத் தாளில் துளை போட்ட மாதிரி ஆகி, பாரம் ஏறினால் அந்தக் கோட்டிலேயே கிழியும். விரல் நகத்தைத் தையல்மேல் ஓட்டுங்கள். ஒரே சீராகத் தட்ட வேண்டும். நூல் முனையை லைட்டரால் சுட்டு முடித்திருக்கலாம், பரவாயில்லை. பிசிறு தொங்கக் கூடாது.

ஜிப்பைப் பத்து தரம் இழுத்து மூடுங்கள். மூலையில் ரன்னர் திக்கினால் அது பழகி வழிக்கு வரும் என்று சொல்வார்கள், வராது. உலோகப் பல் உள்ளதுதான் உசத்தி என்றில்லை, நல்ல நைலான் ஜிப் நன்றாகவே உழைக்கும். காந்தத்தை வளையம், பக்கிள்மேல் வையுங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. முலாம் போனதும் துருப்பிடித்துத் தோலில் கறை இறக்கும். ஒட்டாவிட்டால் பித்தளையாகவோ துத்தநாகக் கலவையாகவோ இருக்கலாம்.

வெள்ளைக் கைக்குட்டையை லேசாக நனைத்து, தோள் வாரின் உள்பக்கத்தில் இருபது தரம் தேயுங்கள். நிறம் துணியில் இறங்கினால் நாளைக்கு உங்கள் வெள்ளைச் சுடிதாரிலும் பட்டு ஜாக்கெட்டிலும் இறங்கும். அந்தப் பை எவ்வளவு பிடித்திருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். லைனிங் துணியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்; தோல் பைக்குள் பியூ லைனிங் வைத்தால், வெளியே பை நன்றாக இருக்கும்போதே உள்ளே கறுப்புத் தூளாக உதிரும்.

வீட்டில்

இங்கே என் சொந்தத் தவறைச் சொல்ல வேண்டும். யூனிட்டில் சேர்ந்த முதல் வருஷம் இளம்பழுப்பில் ஒரு பட்டைத் தோல் பை வாங்கினேன். பளபளப்பு வரட்டும் என்று தேங்காய் எண்ணெயைத் தடவித் தேய்த்தேன். அன்றைக்கு அழகாகத்தான் இருந்தது. ஒரு வாரத்தில் திட்டுத் திட்டாகக் கருத்தது. மழைக்காலம் வந்தபோது சிக்கு வாடையும் வெள்ளைப் பூசணமும் சேர்ந்துகொண்டன. அந்தக் கருப்பு கடைசிவரை போகவே இல்லை. நம் வீடுகளில் எதற்கும் தேங்காய் எண்ணெய்தான் கைக்கு வரும். தோல் பைக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். ஷூ பாலிஷும் வேண்டாம், புடவையில் ஒட்டும்.

பட்டைத் தோலுக்கு நிறமில்லாத லெதர் கிரீமை வருஷத்துக்கு இரண்டு தரம், துணியில் பட்டாணி அளவு எடுத்து மெல்லத் தடவினால் போதும். ஒரு தரம் சித்திரையில், நம் ஊர் வறண்ட வெயிலில் தோல் காய்ந்து வெடிக்காமல் இருக்க. இன்னொன்று மழை முடிந்தபின் தையில். எதையும் முதலில் அடிப்பக்கத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குத் தடவி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். பூச்சுப் போட்ட பைக்குக் கிரீம் உள்ளே இறங்காது. வாரம் ஒருமுறை ஈரத்துணியை நன்றாகப் பிழிந்து துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றுங்கள். சானிடைசர் கையோடு பிடியைத் தொட வேண்டாம், அதில் உள்ள ஆல்கஹால் பூச்சைக் கரைக்கும்.

மழையில் நனைந்தால் உடனே உள்ளிருப்பதை எல்லாம் வெளியே எடுங்கள். தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். உள்ளே பழைய வேட்டித் துணியைத் திணித்து உருவம் கொடுத்து, ஃபேன் காற்றில் நிழலில் இரண்டு நாள் வையுங்கள். செய்தித்தாளைத் திணிக்காதீர்கள், மை லைனிங்கில் இறங்கும். அடுப்படி, வெயில், ஹேர் டிரையர் மூன்றும் ஆகாது. ஈரமாக இருக்கும்போது சூடு பட்டால் தோலின் நார் சுருங்கிவிடும். பிறகு என்ன தடவினாலும் பழைய மென்மை வராது. சித்திரை, வைகாசியில் மூடிய காருக்குள்ளும் ஸ்கூட்டி டிக்கிக்குள்ளும் பையை விட்டுப் போகாதீர்கள்.

பூசணத்தை வீட்டுக்குள் தட்டாதீர்கள். வெளியே எடுத்துப்போய்க் காய்ந்த துணியால் துடையுங்கள். பிறகு வெள்ளை வினிகரில் அதே அளவு தண்ணீர் கலந்து, பிழிந்த துணியால் துடைத்து நிழலில் ஆறவிடுங்கள். துடைத்த துணியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பட்ட பையை மற்றதோடு ஒரு வாரம் சேர்க்க வேண்டாம்.

பிளாஸ்டிக் கவரில் கட்டி பீரோவில் வைப்பதுதான் பூசணத்துக்குச் சொந்தமாக வீடு கட்டிக் கொடுப்பது. பழைய பருத்தித் தலையணை உறையில் போட்டு, உட்காரவைத்து வையுங்கள். ஆணியில் தொங்கவிட்டால் பிடி நீளும். ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் குளிரும் ஈரமும் அதிகம், அங்கே இருப்பவர்கள் மழைக்காலத்தில் பத்து நாளுக்கு ஒருமுறை வெளியே எடுத்துக் காற்றாட விட வேண்டும். பாச்சை உருண்டை தோலைத் தொடக் கூடாது. துணியில் முடிந்து மூலையில் போடலாம்.

சாம்பாரோ எண்ணெயோ சிந்தினால் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒற்றி எடுத்துவிட்டு முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரைக் கனமாகத் தூவி இரவு முழுக்க விட்டு, காலையில் மெல்லத் தட்டுங்கள். ஒரு தரத்தில் போகாவிட்டால் மறுபடியும். மல்லிகைப்பூவைப் பைக்குள் நேராகப் போடுவதும் ஈரக்கறை விடும், இலையில் சுற்றி ஒரு கவரில் போடுங்கள். பால்பாயின்ட் மை பட்டால் எதையும் முயற்சி செய்யாமல் இருப்பதே நல்லது, தேய்த்தால் பரவும். மெத்தென்ற ஸ்வேட் பைக்குத் தண்ணீரே ஆகாது, மென்மையான பிரஷ் மட்டும்.

ரிப்பேருக்குக் கொடுக்கும்போது

ஜிப் பிளந்தால் முழு ஜிப்பையும் மாற்றச் சொல்வார்கள். முதலில் ரன்னரை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்; பெரும்பாலும் அதுதான் தேய்ந்திருக்கும். இறுகினால் மெழுகுவர்த்தியைப் பற்கள்மேல் தேய்த்தாலே ஓடும். பிடி ஓரத்தில் பெயின்ட் வெடித்தால் அது பெரிய கோளாறில்லை, மேலே இன்னொரு பூச்சுப் போட்டுவிடலாம். கைப்பிடி வேரில் ஒரு தையல் விட்டதும் கொண்டுபோய்விடுங்கள். தோல் கிழியும்வரை இழுத்தடித்தால் ஒட்டுத் துண்டு வைக்க வேண்டிவரும்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் செருப்புத் தைக்கும் அண்ணனிடம் கொடுத்தாலும் நன்றாகவே செய்வார், கையால் போட்ட தையல் மெஷின் தையலைவிடப் பலம். ஒன்று மட்டும் சொல்லிக் கொடுங்கள்: "அண்ணா, பழைய ஓட்டையிலேயே ஊசி விடுங்க, பக்கத்துல புது ஓட்டை போட வேண்டாம்." துணியில் ஊசித் துளை மூடிக்கொள்ளும். தோலில் மூடாது, போட்ட துளை போட்டதுதான்.